சுருக்க ஊசிக்குக் கடற்பாலம் தாண்டலாமா?

கேள்வி: எனக்கு 47 வயது. சிங்கப்பூரில், யீஷூனில் குடியிருக்கிறோம். ஓர் அலுவலகத்தில் கணக்கு வேலை பார்க்கிறேன். வரும் தை மாதம் மூத்த மகளுக்குத் திருமணம். என் புருவங்களுக்கு நடுவில் இரண்டு கோடுகள் ஆழமாக விழுந்துவிட்டன. சும்மா உட்கார்ந்திருந்தாலும் "என்ன கோபம்?" என்று கேட்கிறார்கள். சுருக்கம் போக்கும் ஊசிக்கு இங்கே ஒரு மருந்தகத்தில் (கிளினிக்கில்) புருவ நடு, நெற்றி, கண்ணோரம் மூன்றுக்கும் சேர்த்து 780 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்றார்கள்; புருவ நடுவுக்கு மட்டும் 300 வெள்ளியாம். கடற்பாலத்துக்கு அந்தப் பக்கம், மலேசியாவின் ஜோகூர் பாருவில் மூன்றுக்கும் 900 ரிங்கிட், அதாவது ஏறத்தாழ 280 வெள்ளி. ஓர் இடத்துக்கு 350 ரிங்கிட், சுமார் 110 வெள்ளி. என் தோழி அங்கேதான் போட்டுக்கொள்கிறார். அலுவலகத்தில் சிலர் நவம்பரில் பேங்காக் போகிறார்கள். அங்கே 400 வெள்ளிக்கு ஊசி, கூடவே தோலடியில் நிரப்பும் ஃபில்லர் ஊசியும் இலவசமாம். டிசம்பர் கடைசியில் பட்டும் நகையும் எடுக்கச் சென்னை போகிறோம்; திருமணத்துக்குப் பத்து நாளைக்கு முன்புதான் திரும்புவோம். சென்னையில் 20,000 ரூபாய், சுமார் 300 வெள்ளி. வீட்டுக்கே வந்து 150 வெள்ளிக்குப் போட்டுவிடும் ஒருவரைப் பற்றியும் கேள்விப்பட்டேன். கணவரோ, "இந்த வயதில் இது தேவையா?" என்கிறார். எங்கே போனால் பணத்துக்கும் முகத்துக்கும் நல்லது? சர்க்கரைக்கு மாத்திரையும், இதயத்துக்காகச் சிறிய அளவு ஆஸ்பிரினும் சாப்பிடுகிறேன்.
— யீஷூன் வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நானும் என் மருந்தகத்தில் இந்த ஊசியைப் போடும் மருத்துவர்தான். நீங்கள் சிங்கப்பூரிலேயே போட்டுக்கொண்டால் என்னைப் போன்றவர்களுக்கு வருமானம். அதை மனத்தில் வைத்துக்கொண்டே நான் சொல்வதை எடைபோடுங்கள்.

உங்கள் கணவரின் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான், நான் இல்லை. கோபமே இல்லாத நேரத்தில் கோபக்காரி என்று பெயர் வாங்குவது ஒருவருக்கு எவ்வளவு சங்கடம் என்பதை என் முன்னால் வந்து உட்காருபவர்களிடம் நாள்தோறும் பார்க்கிறேன். வீட்டுச் செலவில் கைவைக்காமல், உங்கள் சம்பாத்தியத்தில், விவரம் தெரிந்து செய்துகொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வேண்டாம் என்று விட்டுவிட்டாலும் உடம்புக்கு ஒரு குறையும் வராது. இதை மனத்தில் பதித்துக்கொண்டால் விலையைப் பார்த்து அவசரப்பட மாட்டீர்கள்.

சரி, கணக்குக்கு வருவோம். நீங்கள் எழுதியிருக்கும் தொகைகள் எல்லாமே ஊசி போடும் அன்றைக்கான விலை. ஆனால் இந்த ஊசியின் வேலை அன்றைக்கு முடிவதில்லை. அங்கிருந்துதான் உங்கள் கணக்கு பிசகுகிறது.

போட்டுலினம் என்னும் நச்சுப்பொருளை மிக மிகச் சிறிய அளவில் தசையில் செலுத்துகிறோம். தசையைச் சுருங்கச் சொல்லி நரம்பு முனையிலிருந்து வரும் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் வெளியே வராமல் அது தடுத்துவிடுகிறது. கட்டளை வராததால் தசை ஓய்வெடுக்கிறது. மேலே உள்ள தோல் மடிவது நிற்கிறது. முதலில் இதைக் கண் மருத்துவத்தில்தான் பயன்படுத்தினார்கள். மாறுகண்ணுக்கும், கண் இமை தானாக இறுக மூடிக்கொள்ளும் நோய்க்கும் 1989ஆம் ஆண்டு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. கனடாவைச் சேர்ந்த கேரதர்ஸ் தம்பதி புருவ நடுக் கோடுகளுக்கு இது உதவுவதை 1992ஆம் ஆண்டு ஆய்விதழில் எழுதினார்கள். அழகு சிகிச்சைக்கான அமெரிக்க அனுமதி 2002ஆம் ஆண்டு வந்தது. ஆக, உங்கள் புருவ நடுக் கோடுகள்தான் இந்த ஊசி மிக நன்றாக வேலை செய்யும் இடம். அந்த வகையில் நீங்கள் கேட்பது சரியான மருந்தைத்தான்.

ஊசி போட்ட மறுநாள் கண்ணாடி பார்த்தால் எதுவும் தெரியாது. மூன்று முதல் ஐந்து நாளில் மாற்றம் தொடங்கும். முழுப் பலன் தெரிய இரண்டு வாரம் ஆகும். ஒரு புருவம் சற்றே மேலே நிற்கிறதா, ஒரு பக்கம் இன்னும் கோடு விழுகிறதா, இமை கனக்கிறதா என்பதெல்லாம் அந்த இரண்டாம் வாரத்தில்தான் புலப்படும். அப்போது மருத்துவர் முகத்தை மறுபடி பார்த்து, தேவைப்பட்டால் ஓரிரு துளி கூடுதலாகப் போட்டுச் சரிசெய்வார். முதல் முறை போட்டுக்கொள்பவருக்கு இந்த இரண்டாவது சந்திப்பு மிக முக்கியம். ஏனென்றால் உங்கள் தசை எவ்வளவு வலுவானது, எந்த அளவுக்கு அடங்கும் என்பது போட்டுப் பார்த்தால்தான் எந்த மருத்துவருக்கும் தெரியும். அதன் பிறகு மூன்று, நான்கு மாதத்தில் பலன் கரைந்துவிடும். தொடர வேண்டுமானால் ஆண்டுக்கு மூன்று முறை.

ஆகவே ஒவ்வோர் ஊரையும் பார்த்து நீங்கள் கேட்க வேண்டியது இது: இரண்டு வாரம் கழித்து இந்த மருத்துவர் முன்னால் நான் மறுபடியும் உட்கார முடியுமா? முடியாது என்றால் அந்த விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் பாதிச் சிகிச்சைக்கான விலைதான்.

இனி உங்கள் முகம். செலவே இல்லாத ஒரு சோதனையை வீட்டிலேயே செய்து பாருங்கள். பகல் வெளிச்சத்தில், ஜன்னல் பக்கமாகக் கண்ணாடியை வைத்து, முகத்தைத் தளர்த்திக்கொண்டு பாருங்கள். பிறகு புருவத்தை நெரியுங்கள், விடுங்கள். நெரிக்கும்போது மட்டும் விழுந்து, விட்டதும் மறையும் கோட்டுக்கு இந்த ஊசி முழுப் பலன் தரும். சும்மா இருக்கும்போதும் நிற்கும் கோடு மெலியும்; முற்றிலும் அழியாது. இரண்டு மூன்று முறை தொடர்ந்து போட்ட பிறகுதான் அது ஆழம் குறைந்து தெரியும். "சும்மா உட்கார்ந்திருந்தாலும்" என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களுடையது இரண்டாவது வகையாக இருக்கலாம். ஒரே ஊசியில் தை மாதத்துக்குள் கோடு மாயமாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அது இங்கே இருக்கும் மருத்துவராக இருந்தாலும் சரி.

நம்மவர்கள் பலர் முகம் வயதாகிவிட்டதாக நினைத்து வருவார்கள். உட்காரவைத்துப் பார்த்தால் சுருக்கம் கொஞ்சமாகத்தான் இருக்கும். கன்னத்து மங்கும் கண்ணைச் சுற்றிய கருமையும்தான் முகத்தைச் சோர்வாகக் காட்டும். நம் தோலில் நிறமி அதிகம். சுருக்கம் தாமதமாக வரும், நிறம் முந்திக்கொண்டு மாறும். இதற்குப் போட்டுலினம் ஒன்றும் செய்யாது. மேகமில்லாத நாள்களில் நண்பகல் வேளையில் சிங்கப்பூரின் புற ஊதாக் குறியீடு 11ஐ, அதாவது மிகக் கடுமையான அளவை, தொடுவதுண்டு. தினமும் வெயில் காப்புக் களிம்பு, மருத்துவர் எழுதிக் கொடுக்கும் ட்ரெட்டினோயின் களிம்பு, இவற்றுக்கு ஊசியை விட மிகக் குறைவாகவே செலவாகும். கர்ப்பிணிகளுக்கு மட்டும் ட்ரெட்டினோயின் ஆகாது.

அடுத்து, மூன்று இடமும் உங்களுக்கு வேண்டுமா? நீங்கள் குறைப்பட்டுக்கொண்டது புருவ நடுவை மட்டும். நெற்றியும் கண்ணோரமும் விலைப்பட்டியலிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டவை என்றே எனக்குப் படுகிறது. நெற்றி விஷயத்தில் முதல் முறை நான் தயங்கவே சொல்வேன். புருவத்தைத் தூக்கிப் பிடிப்பது நெற்றித் தசை ஒன்றுதான். நாற்பதைத் தாண்டியவர்களில் பலருக்கு மேல் இமை சற்றுத் தளர்ந்திருக்கும். கண்ணை அகலமாக வைத்திருக்க அவர்கள் தமக்கே தெரியாமல் நாள் முழுக்க நெற்றியைத் தூக்கிக்கொண்டிருப்பார்கள். அந்தத் தசையை மொத்தமாக அடக்கிவிட்டால் கோடு போகும், புருவமும் இறங்கிவிடும். கண் சிறுத்து, தூக்கக் கலக்கத்தில் இருப்பதுபோல் தெரியும். மகள் திருமணப் படங்களில் அப்படித் தெரிவதைவிட நெற்றியில் நாலு கோடு இருப்பது எவ்வளவோ மேல்.

இப்போது பணத்தைப் பார்ப்போம். மூன்று இடம், ஆண்டுக்கு மூன்று முறை என்றால் இங்கே 2,340 வெள்ளி. ஜோகூரில் 840 வெள்ளி. வித்தியாசம் 1,500. ஒவ்வொரு முறையும் மறுபரிசோதனையும் சேர்த்து இரண்டு பயணம்; ஆண்டுக்கு ஆறு. பஸ், சாப்பாடு, சில்லறைச் செலவு எல்லாம் சேர்த்துப் பயணத்துக்கு 40 வெள்ளி என்று வைத்தால் 240. அதைக் கழித்தாலும் 1,260 வெள்ளி மிச்சம். இது சிறிய தொகை இல்லை. ஜோகூர் போவதை மட்டமாகப் பேசுபவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

ஆனால் புருவ நடு மட்டும் என்று எடுத்துக்கொண்டால் கணக்கு மாறிவிடுகிறது. இங்கே ஆண்டுக்கு 900 வெள்ளி. ஜோகூரில் 330, பயணம் 240, ஆக 570. மிச்சம் 330 வெள்ளி. அதற்காக உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் ஆறு நாள் வரிசையில் நிற்க வேண்டும். பள்ளி விடுமுறைக் காலத்திலோ நீண்ட வார இறுதியிலோ அந்த வரிசை எப்படி இருக்கும் என்பது உங்களுக்கே தெரியும். மளிகைக்கும் பெட்ரோலுக்கும் எப்படியும் போகிறவர் என்றால் சரி. ஊசிக்காக மட்டும் என்றால் அது பெரிய லாபமாக எனக்குத் தெரியவில்லை.

இரண்டு ஊரிலும் வரியைக் கேட்டுவிடுங்கள். இங்கே பொருள் சேவை வரி 9 விழுக்காடு. 780 வெள்ளி என்று சொன்னது வரி சேராத விலையாக இருந்தால் பில்லில் 850 ஆகிவிடும். மலேசியாவிலும் 2025 ஜூலை முதல் வெளிநாட்டவர் பெறும் தனியார் மருத்துவச் சேவைக்கு 6 விழுக்காடு சேவை வரி வந்திருக்கிறது. எல்லா மருந்தகத்துக்கும் அது பொருந்தாது, கேட்டால் சொல்வார்கள். அழகுக்காகப் போடும் ஊசிக்கு மத்திய சேமநிதியின் மருத்துவச் சேமிப்பான மெடிசேவ் பணத்தை எடுக்க முடியாது என்பதால் அந்த வழியில் இங்கே சலுகை எதுவும் இல்லை.

விலையை ஒப்பிடும்போது "ஓர் இடத்துக்கு எவ்வளவு" என்று கேட்பதை விட்டுவிட்டு, "எந்த நிறுவன மருந்து, எத்தனை யூனிட்" என்று கேளுங்கள். யூனிட் என்பது மருந்தின் வீரியத்தை அளக்கும் அலகு. போடாக்ஸ், டிஸ்போர்ட், ஸியோமின் எல்லாம் போட்டுலினம் மருந்தின் வணிகப் பெயர்கள். போடாக்ஸ் மருந்தில் புருவ நடுவுக்கான அங்கீகரிக்கப்பட்ட அளவு 20 யூனிட், ஐந்து புள்ளிகளில். அதே இடத்துக்கு டிஸ்போர்ட் என்றால் 50 யூனிட். ஸியோமின் என்றால் மறுபடியும் 20. ஒரு நிறுவனத்தின் யூனிட்டும் இன்னொன்றின் யூனிட்டும் ஒன்றல்ல. "அவர்கள் 20, நாங்கள் 50 போடுகிறோம்" என்று ஒரு மருந்தகம் விளம்பரம் செய்தால் இரண்டும் ஒரே அளவாகவே இருக்கக்கூடும். மாறாக, போடாக்ஸ் என்று சொல்லி 10 யூனிட்டோடு நிறுத்திக்கொண்டால் விலை குறையத்தான் செய்யும். பலனும் இரண்டே மாதத்தில் போய்விடலாம். அப்போது ஆண்டுக்கு மூன்று முறை என்பது ஆறு ஆகும். இடையிடையே அடிக்கடி போட்டால் உடம்பு எதிர்ப்பொருளை உண்டாக்கி, பின்னாளில் மருந்தே வேலை செய்யாமல் போகும் வாய்ப்பும் உண்டு. அதனால்தான் ஒரு முறைக்கும் அடுத்த முறைக்கும் குறைந்தது மூன்று மாத இடைவெளி கேட்கிறோம்.

எங்கே போனாலும் குப்பியை உங்கள் கண் முன்னால் திறக்கச் சொல்லுங்கள். போடாக்ஸ் குப்பியைத் தூக்கிப் பார்த்தால் காலியாக இருப்பதுபோல் தெரியும். அடியில் மெல்லிய வெண்படலம் ஒன்றுதான் ஒட்டியிருக்கும். உள்ளே வெற்றிடம். உப்புநீர் ஏற்றிய ஊசியை மூடியில் குத்தியதும், யாரும் அழுத்தாமலே குப்பி அந்த நீரைத் தானாக உள்ளே இழுத்துக்கொள்ளும். இழுக்கவில்லை என்றால் அந்தக் குப்பியை ஒதுக்கிவிட வேண்டும் என்பது தயாரிப்பாளரின் விதி. கலக்கும் முன்பும் கலந்த பின்பும் 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டும். கலந்ததை 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்த வேண்டும் என்று அதன் குறிப்பேடு சொல்கிறது. ஏற்கெனவே நிரப்பிய ஊசியைத் தட்டில் வைத்துக்கொண்டு அறைக்குள் வந்தால் உள்ளே என்ன, எவ்வளவு, எப்போது கலந்தது என்று உங்களுக்குத் தெரிய வழியில்லை. "குப்பியைப் பார்க்கலாமா?" என்று கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. நல்ல மருத்துவர் யாரும் அதற்கு முகம் சுளிக்க மாட்டார்.

ஜோகூர் பாருவில் போடுவது என்று முடிவெடுத்தால், தோழியின் சிபாரிசோடு நிறுத்திவிடாதீர்கள். மலேசிய மருத்துவ மன்றத்தில் அந்த மருத்துவர் பதிவு பெற்றவரா, அந்த ஆண்டுக்கான பணிச் சான்றிதழ் இருக்கிறதா என்று பாருங்கள். அதோடு, அழகு சிகிச்சை செய்ய அந்நாட்டுச் சுகாதார அமைச்சு மருத்துவர்களுக்கு எல்சிபி என்னும் தனி அனுமதிக் கடிதம் தருகிறது. அதைக் காட்டச் சொல்லலாம். மருந்துப் பெட்டியில் எம்ஏஎல் என்று தொடங்கும் பதிவு எண்ணும், மின்னும் பாதுகாப்பு முத்திரையும் இருக்க வேண்டும். கொரிய மருந்து என்றதும் போலி என்று பயப்பட வேண்டாம். கொரியாவில் முறையாகத் தயாராகும் மருந்துகள் பல இருக்கின்றன. நீங்கள் ஊசி போட்டுக்கொள்ளும் நாட்டில் அது பதிவு பெற்றிருக்கிறதா என்பதே கேள்வி. கடைத்தொகுதியில் முடி அலங்காரத்துக்கும் நகப் பூச்சுக்கும் நடுவே, வெள்ளை மேலங்கி போட்ட ஒருவர் ஊசியை எடுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

பேங்காக் கணக்கு எளிது. ஊசி 400 வெள்ளி, விமான டிக்கெட், இரண்டு இரவுத் தங்கல் எல்லாம் சேர்ந்தால் இங்கே கேட்ட 780ஐத் தொட்டுவிடும், தாண்டியும் விடும். இரண்டு வாரம் கழித்துத் திரும்பப் போகப் போவதும் இல்லை. தோழிகளோடு ஊர் சுற்றப் போவதானால் மகிழ்ச்சியாகப் போய்வாருங்கள். ஊசியை அந்தப் பயணத்தில் சேர்க்க வேண்டாம்.

அங்கே இலவசம் என்று சொன்ன ஃபில்லரைப் பற்றிக் கொஞ்சம் அழுத்தமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. இது வேறு மருந்து, வேறு ஆபத்து. போட்டுலினம் தசையை ஓய்வெடுக்க வைக்கிறது. ஃபில்லர் தோலுக்கடியில் கூழ் போன்ற பொருளை நிரப்புகிறது. அந்தக் கூழ் தவறி ரத்தக் குழாய்க்குள் போனால் குழாய் அடைபடும். தோல் கறுத்து அழுகலாம். புருவ நடுவிலும் மூக்கிலும் போடும்போது கண்ணுக்குப் போகும் குழாய் அடைபட்டுப் பார்வையே போய்விடும் அபாயமும் உண்டு. அரிதுதான். ஆனால் நேர்ந்தால் நிமிடக் கணக்கில், மணிக் கணக்கில் செயல்பட வேண்டும். ஹயலூரோனிக் அமில ஃபில்லராக இருந்தால் அதைக் கரைக்கும் மருந்து இருக்கிறது. அதை உடனே, தெரிந்தவர் போட வேண்டும். முதல் அறிகுறி ஹோட்டல் அறையிலோ விமானத்திலோ தெரிந்தால் என்ன செய்வீர்கள்? இலவசம் என்பதற்காக முகத்தில் எதையும் ஏற்றிக்கொள்ளாதீர்கள். உங்கள் அலுவலகத் தோழிகளுக்கும் தயவுசெய்து இதைச் சொல்லுங்கள்.

சென்னையில் நல்ல தோல் மருத்துவர்களுக்குப் பஞ்சமில்லை. விலையிலும் திறமையிலும் அந்த ஊரைக் குறை சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. உங்கள் தேதிதான் ஒத்துவரவில்லை. திரும்பும் நேரத்தில் போட்டுக்கொண்டால் மாப்பிள்ளை அழைப்பு அன்று மருந்து இன்னும் இறங்கிக்கொண்டே இருக்கும். ஒரு புருவம் தூக்கி நின்றால் அதைச் சரிசெய்ய வேண்டிய மருத்துவர் சென்னையில் இருப்பார், நீங்கள் இங்கே சிராங்கூன் ரோட்டில் பூமாலைக்குச் சொல்லிக்கொண்டிருப்பீர்கள். மருந்து கசிந்து மேல் இமைத் தசையைத் தொட்டுவிட்டால் இமை தொங்கும். அது பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள்தான் தெரியவரும். அதை உடனே மீட்க மாற்று மருந்து கிடையாது. ஒருவகைக் கண் சொட்டு மருந்து ஓரிரு மில்லிமீட்டர் தூக்கிக் காட்டும், அவ்வளவுதான். சில வாரங்களில் தானாகச் சரியாகிவிடும். ஆனால் முகூர்த்தம் அதுவரை காத்திருக்காது.

வீட்டுக்கு வந்து 150 வெள்ளிக்குப் போடுபவர் வேண்டவே வேண்டாம். சிங்கப்பூரில் இது மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத மருந்து. அழகுக்கலை நிபுணரோ, வெளிநாட்டில் தாதியாக இருந்தேன் என்று சொல்பவரோ இதைப் போட அனுமதி இல்லை. சுகாதார அறிவியல் ஆணையம் இத்தகையவர்களைப் பற்றிப் பலமுறை எச்சரித்திருக்கிறது. 2024ஆம் ஆண்டு அமெரிக்காவில் போலி மருந்தாலும் முறைகேடான ஊசியாலும் 11 மாநிலங்களில் 22 பேர் பாதிக்கப்பட்டார்கள். அவர்களில் பாதிப்பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். பலர் ஊசி போட்டுக்கொண்டது உரிமம் இல்லாதவர்களிடமோ, வீட்டிலோ அழகு நிலையத்திலோதான். தெரியாத குப்பியில் மருந்து குறைவாக இருந்தால் பணம் நஷ்டம். அதிகமாக இருந்தால் உயிருக்கே ஆபத்து.

முறையான இடத்தில் போட்டாலும் சில அறிகுறிகளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். விழுங்கச் சிரமம், பேச்சுக் குழறல், பார்வை இரண்டாகத் தெரிவது, மூச்சுத் திணறல், உடம்பு முழுக்கத் தளர்ச்சி. இவை சில மணி நேரத்திலும் வரலாம், சில வாரங்கள் கழித்தும் வரலாம். வந்தால் ஊசி போட்டவரைத் தொலைபேசியில் தேடிக்கொண்டிருக்காமல் அவசர மருத்துவ வண்டிக்கான 995ஐ அழையுங்கள். 2023ஆம் ஆண்டு துருக்கியில், உடல் எடை குறைக்க இரைப்பையில் போட்டுலினம் ஊசி போட்டுக்கொண்டவர்களில் அறுபதுக்கும் மேற்பட்டோருக்கு இப்படி நேர்ந்தது. அது சுருக்க ஊசி இல்லை, அளவும் மிகப் பெரிது. ஆனாலும் அவர்களில் ஜெர்மனியிலிருந்து போன பலருக்கு ஊர் திரும்பிய பிறகே நோய் தெரிந்தது. என்ன மருந்து, எவ்வளவு என்று தெரியாமல் உள்ளூர் மருத்துவர்கள் கையைப் பிசையும் நிலை யாருக்கும் வரக்கூடாது. அதனால் எந்த ஊரானாலும் மருந்தின் பெயர், தொகுதி எண், காலாவதித் தேதி, எந்தப் புள்ளியில் எத்தனை யூனிட் என்பதை எழுதி வாங்காமல் மருந்தகத்தை விட்டுக் கிளம்பாதீர்கள்.

பயணக் காப்புறுதி இதற்கு உதவும் என்று எண்ண வேண்டாம். விருப்பத்தின் பேரில் செய்துகொள்ளும் அழகு சிகிச்சையை அவை பொதுவாக ஏற்பதில்லை. வெளிநாட்டு மருத்துவர் மேல் குறை இருந்தால் சிங்கப்பூர் மருத்துவ மன்றத்திலும் முறையிட முடியாது.

உங்கள் இடத்தில் என் அக்கா இருந்தால் இப்படிச் சொல்வேன். செப்டம்பர் முதல் வாரத்தில், இங்கேயே, புருவ நடுவுக்கு மட்டும் போட்டுக்கொள்ளுங்கள். 300 வெள்ளி. மறுபரிசோதனை அந்த விலையில் அடக்கமா என்று முன்கூட்டியே கேளுங்கள். இரண்டு வாரம் கழித்துப் போய்க் காட்டுங்கள். இப்போது உங்கள் முகத்துக்கு எந்த மருந்து, எத்தனை யூனிட், எந்தப் புள்ளிகள் என்ற குறிப்பு உங்கள் கையில் இருக்கும். எப்படித் தெரிகிறது, பிடித்திருக்கிறதா என்பதும் தெரிந்திருக்கும். பிடிக்கவில்லை என்றால் தை மாதத்துக்குள் பெரும்பாலும் கரைந்துவிடும். பிடித்திருந்தால் டிசம்பர் முதல் வாரத்தில் அடுத்தது. மூன்று மாத இடைவெளியும் கிடைக்கும், சென்னைக்குக் கிளம்பும் முன் மறுபரிசோதனையும் முடிந்துவிடும். அந்த இரண்டாவது ஊசிக்கு ஜோகூர் போகலாமா என்றால், மேலே சொன்னதெல்லாம் சரியாக இருந்தால் தாராளமாகப் போகலாம். குறிப்பைக் கையோடு கொண்டுபோய், "இதே அளவு" என்று கேளுங்கள். மூன்று இடமும் தொடர்ந்து வேண்டும் என்று பின்னாளில் முடிவெடுத்தால் அப்போது ஜோகூரின் 1,260 வெள்ளி மிச்சம் உண்மையிலேயே உங்களுக்குப் பயன்படும்.

போட்ட அன்று நெற்றியைத் தேய்க்காதீர்கள். புருவ நடுவில் ஊசி இறங்கும் புள்ளிகளில் ஒன்று நீங்கள் பொட்டு வைக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும். ஒட்டும் பொட்டையும் அழுத்தி வைக்கும் குங்குமத்தையும் மறுநாளுக்குத் தள்ளிவையுங்கள். எண்ணெய் தேய்த்துக் குளிப்பது, முகத்துக்கு மசாஜ், கடும் உடற்பயிற்சி எல்லாம் ஒரு நாள் பொறுக்கட்டும்.

சர்க்கரை கட்டுக்குள் இருந்தால் அதனால் தடையில்லை. தசைக்களைப்பு நோய் போன்ற நரம்புத் தசைக் கோளாறு உள்ளவர்களுக்கும், கர்ப்பிணிகளுக்கும், பாலூட்டும் தாய்மார்களுக்கும் இந்த ஊசி கூடாது. ஆஸ்பிரினால் ஊசி குத்திய இடத்தில் ரத்தம் கட்டிக் கன்றிப்போக வாய்ப்பு அதிகம். ஒரு வாரம், பத்து நாளில் அது மறையும். திருமணத்துக்குப் பல வாரங்கள் முன்பே போட்டுக்கொள்ளச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம். அழகுக்காக ஆஸ்பிரினை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். ஊசி போடும் மருத்துவர் நிறுத்தச் சொன்னாலும், அதை உங்களுக்கு எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் கேட்ட பிறகே எதையும் செய்யுங்கள்.